முழு டேங்க்கில் முக்கால் காட்டும் முள்: பழைய காரின் பெட்ரோல் மீட்டரைச் சரிசெய்த பதிவு

பழைய வண்டியில் பெட்ரோல் மீட்டர் சரியாகக் காட்டவில்லை என்றால் பெரும்பாலோர் முதலில் டேங்க்குக்குள் இருக்கும் மிதவை யூனிட்டை மாற்றுவார்கள். அப்படியும் சரியாகாவிட்டால் டேஷ்போர்டில் உள்ள மீட்டரை மாற்றுவார்கள். இரண்டையும் மாற்றிய பிறகும் முள் பழைய இடத்திலேயே நிற்கும் வண்டிகள் உண்டு. முள் எவ்வளவு தவறாகக் காட்டுகிறது என்பதை மட்டும் பார்த்துவிட்டு, எந்த அளவில், எந்தப் பக்கமாகத் தவறுகிறது என்பதைக் கவனிக்காமல் விடுவதுதான் இதற்குக் காரணம். பிழை டேங்க் நிறைந்திருக்கும்போது பெரிதாகவும் காலியாகும்போது சிறிதாகவும் இருக்கிறதா, எல்லா அளவிலும் ஒரே மாதிரி இருக்கிறதா, ஏதோ ஓர் இடத்தில் மட்டும் தலைகாட்டுகிறதா என்று தெரிந்துவிட்டால், எதையும் கழற்றுவதற்கு முன்பே பழுது எங்கே இருக்கிறது என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். அந்த வழியில் ஒரு காரின் மீட்டரைச் சரிசெய்ததை இங்கே எழுதுகிறேன்.

கார்புரேட்டர் காலத்துப் பெட்ரோல் கார் அது. டேங்க்கின் கொள்ளளவு 40 லிட்டர். டிக்கியின் தரைக்கு அடியில் தொங்குகிறது. மிதவை யூனிட் அதன் மேற்பரப்பில் உள்ளது. கழுத்துவரை நிரப்பினாலும் முள் முக்காலைத் தாண்டுவதில்லை. அரை டேங்க்கை நெருங்கும்போது, குண்டும் குழியுமான சாலையில் போனால், முள் காலியை நோக்கிச் சரிந்து, சமதளத்துக்கு வந்ததும் மெல்ல மேலேறும். காலிக்கு அருகில் மட்டும் அது சொல்வதை நம்பலாம் என்ற நிலை. மற்றபடி டேஷ்போர்டில் குறையில்லை. அருகிலேயே இருக்கும் என்ஜின் வெப்ப மீட்டர் ஒழுங்காக வேலை செய்தது. இந்தக் கடைசித் தகவல் அற்பமாகத் தெரியலாம். ஆனால் பின்னால் வரப்போகும் வேலையில் பாதியை அதுதான் மிச்சப்படுத்தியது.

முதலில் மீட்டர் எந்த வகை என்று தெரிந்துகொள்ள வேண்டும். சாவியைத் திருப்பியதும் முள் நிதானமாக ஏறி நிலைக்கு வந்தால் அது வெப்ப வகை மீட்டர். அதற்குள் இரட்டை உலோகப் பட்டை ஒன்றும் அதைச் சுற்றி ஒரு சூடேற்றும் கம்பிச்சுருளும் இருக்கும். மின்னோட்டம் கூடக் கூடப் பட்டை சூடாகி வளைந்து முள்ளைத் தள்ளும். சாவியைத் திருப்பிய நொடியே முள் தாவி நின்றால், அது இரண்டு சுருள்களின் காந்தப்புலத்தால் இயங்கும் வகை. இரண்டாவது வகை, இரு சுருள்களில் ஓடும் மின்னோட்டங்களின் விகிதத்தைப் பார்ப்பதால், பேட்டரி வோல்டேஜ் ஏறி இறங்குவதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. முதல் வகை அப்படியல்ல; வோல்டேஜ் கூடினால் சூடும் கூடும், முள்ளும் ஏறும். அதனால்தான் வெப்ப வகை மீட்டர் உள்ள வண்டிகளில் டேஷ்போர்டுக்குப் பின்னால் தனியாக ஒரு வோல்டேஜ் ஸ்டெபிலைசர் இருக்கும். சில தயாரிப்பாளர்கள் 5 வோல்ட்டும் சிலர் 10 வோல்ட்டும் தருமாறு அதை அமைத்திருக்கிறார்கள். என் வண்டியில் இருந்தது வெப்ப வகை மீட்டரும் 10 வோல்ட் ஸ்டெபிலைசரும்.

டேங்க்குக்குள் நடப்பது எளிது. மிதவை ஏறி இறங்கும்போது அதன் கையின் மறுமுனையில் உள்ள தொடுமுனை, மெல்லிய தடைக்கம்பி சுற்றப்பட்ட ஓர் அட்டையின் மேல் நகரும். என் யூனிட் காலியில் 240 ஓம், நிறைவில் 33 ஓம் காட்டும் வகை. மீட்டரிலிருந்து ஒரு வயர் இங்கே வருகிறது. திரும்பிப் போவதற்குத் தனி வயர் கிடையாது. யூனிட்டின் உடல் வழியாக டேங்க்குக்கு, டேங்க்கிலிருந்து வண்டியின் பாடிக்கு, பாடியிலிருந்து பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கு என்று மின்னோட்டம் போய்ச் சேர வேண்டும். இந்த எர்த் பாதை வரைபடத்தில் ஒரு சிறு குறியாக மட்டுமே இருப்பதால் யாரும் அதை ஓர் உறுப்பாகவே எண்ணுவதில்லை. பழைய வண்டியில் முதலில் கெடுவது பெரும்பாலும் அதுதான்.

எதையும் தொடுவதற்கு முன் அளவுப் பட்டியல் ஒன்று எழுதினேன். டேங்க்கில் இருந்ததை முறையான பெட்ரோல் கேன்களுக்கு மாற்றிவிட்டு, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஐந்தைந்து லிட்டராக அளந்து ஊற்றி, ஒவ்வொரு முறையும் சாவியைப் போட்டு முள் முழுதாக ஓயும்வரை காத்திருந்து அதன் இடத்தைக் குறித்துக்கொண்டேன். இங்கே பொறுமை முக்கியம். வெப்ப வகை மீட்டர் நிலைக்கு வர ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம், அவசரப்பட்டுக் குறித்தால் பட்டியலே பொய்யாகிவிடும். டயர் காற்று நான்கிலும் சரியாக இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் அகலமான, ஆழம் குறைந்த டேங்க்கில் சிறு சாய்வுகூட முள்ளில் தெரியும். கிடைத்த பட்டியல் இப்படி இருந்தது: 5 லிட்டரில் முள் காலிக் கோட்டில் (இது பழுதல்ல, காரணம் கடைசியில்), 20 லிட்டரில் அரைக்குச் சற்றுக் கீழே, பத்தில் நான்கு பங்கு இருக்கும் இடத்தில், 40 லிட்டரில் முக்காலில். இடைப்பட்ட அளவுகள் இவற்றுக்கு நடுவே ஒழுங்காக அமர்ந்தன.

அடியில் பிழை இல்லை, நடுவில் கொஞ்சம், மேலே நிறைய. இந்த வடிவத்துக்குப் பொருந்தும் விளக்கம் இது: பாதையில் எங்கேயோ தேவையில்லாத தடை ஒன்று தொடராகச் சேர்ந்திருக்கிறது. காலியில் 240 ஓமோடு பத்துப் பன்னிரண்டு ஓம் சேர்ந்தால் அது பொருட்டே இல்லை. நிறைவில் 33 ஓமோடு அதே பன்னிரண்டு சேர்ந்தால் பெரிய வேறுபாடு. மிதவையில் ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்து அது தாழ மிதந்திருந்தால் பிழையின் வடிவம் வேறாக இருந்திருக்கும். எல்லா அளவிலும் மிதவை அதே சில மில்லிமீட்டர் கீழே நிற்கும், ஆகவே காலிப் பக்கத்திலும் முள் முன்கூட்டியே விழும். மிதவையின் கை வளைந்திருந்தாலும் இப்படித்தான், பிழை இரண்டு பக்கமும் தெரியும். தடை சேர்ந்தால் அது ஒரு பக்கமாகக் குவிகிறது.

கணக்குப் போட்டும் பார்த்தேன். மீட்டரின் சூடேற்றும் சுருளை அளந்தபோது ஏறக்குறைய 60 ஓம் இருந்தது. ஸ்டெபிலைசர் தருவது 10 வோல்ட். டேங்க் நிறைந்திருக்கும்போது மொத்தத் தடை 93 ஓம், மின்னோட்டம் 107 மில்லிஆம்பியருக்குச் சற்று மேல். இதில் 12 ஓம் கூடினால் மொத்தம் 105 ஓம், மின்னோட்டம் 95 மில்லிஆம்பியர். சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் சுருளில் உண்டாகும் வெப்பம் 22 சதவீதம் குறைகிறது. காலியில் 300 ஓம் 312 ஓமாகிறது. அங்கே ஏற்கெனவே மின்னோட்டம் 33 மில்லிஆம்பியர்தான், வெப்பம் நிறைவில் உள்ளதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே, ஆகவே அதில் ஏற்படும் குறைவு முள்ளின் அகலத்துக்குள் மறைந்துவிடும். முழு வீச்சையும் இந்தக் கணக்கில் பொருத்தினால் நிறைந்த டேங்க் முக்காலைக் காட்ட வேண்டும், அரை டேங்க் பத்தில் நான்கைக் காட்ட வேண்டும். பட்டியலும் அதைத்தான் சொன்னது. இத்தனை பொருந்தி வருவதற்கு மீட்டரின் வளைவு உண்மையில் இவ்வளவு ஒழுங்காக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இருந்தாலும், தேட வேண்டியது பத்து ஓமை ஒட்டிய ஒரு தடையை என்பது உறுதியாகிவிட்டது.

ஸ்டெபிலைசரைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பழைய கார் வைத்திருப்பவர்கள் எதற்கெடுத்தாலும் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். பழைய ஸ்டெபிலைசருக்குள்ளும் ஓர் இரட்டை உலோகப் பட்டைதான். அது சூடாகித் தொடர்பைத் துண்டித்து, ஆறி மீண்டும் சேர்ந்து, பேட்டரி வோல்டேஜை விட்டுவிட்டுத் தருகிறது. அதன் சராசரிதான் 10 வோல்ட். டிஜிட்டல் மல்டிமீட்டரை வைத்தால் எண்கள் தாவிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்து ஸ்டெபிலைசர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. பெட்ரோல் மீட்டரும் என்ஜின் வெப்ப மீட்டரும் அதே ஸ்டெபிலைசரிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. அது கெட்டால் இரண்டு முட்களும் ஒரே பக்கம் போகும். குறிப்பாக ஸ்டெபிலைசரின் எர்த் விட்டுப்போனால் உள்ளே பட்டை சூடாவதே இல்லை, தொடர்பு மூடியபடியே நிற்கும், பேட்டரியின் முழு வோல்டேஜும் மீட்டர்களுக்குப் போகும். என்ஜின் ஓடும்போது அது 14 வோல்ட்டைத் தாண்டும் என்பதால் சுருளில் வெப்பம் இரண்டு மடங்காகி, இரண்டு முட்களும் மேல் எல்லையில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். என் வண்டியில் என்ஜின் வெப்ப மீட்டர் ஒழுங்காக இருந்தது. என்ஜினை முடுக்கினாலும் பெட்ரோல் முள் அசையவில்லை. ஆகவே ஸ்டெபிலைசரை நான் தொடவில்லை. அது உண்மையிலேயே போய்விட்டால் 7810 போன்ற ஒரு சிறு ரெகுலேட்டர் ஐ.சி.யை அதே உறைக்குள் வைத்துப் பலர் ஓட்டுகிறார்கள். அது நல்ல மாற்றுதான், ஆனால் வேலை செய்துகொண்டிருக்கும் ஒன்றைப் புதுமைக்காகப் பிடுங்கி எறிவதில் எனக்கு உடன்பாடில்லை.

அடுத்து டேஷ்போர்டு மீட்டரையும் வயரையும் சேர்த்துச் சோதித்தேன். டிக்கியின் தரையில் உள்ள மூடியைத் திறந்து, சாவியை எடுத்த நிலையில் யூனிட்டின் வயரைக் கழற்றி, நீளமான வேறொரு வயரால் அதை வண்டிக்கு முன்பக்கம் கொண்டுவந்து, 33 ஓமுக்கு நெருக்கமான ஒரு தடையின் வழியாகப் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் இணைத்தேன். சாவியைப் போட்டதும் முள் நிதானமாக ஏறி நிறைவுக் கோட்டில் நின்றது. 240 ஓமை வைத்தபோது காலிக்கு இறங்கியது. அத்துடன் மீட்டர், ஸ்டெபிலைசர், பின்னால்வரை போகும் வயர் ஆகிய மூன்றும் குற்றமற்றவை என்றாகிவிட்டது. பல கையேடுகளில் அந்த வயரை நேரடியாக எர்த்தில் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். முள் ஏறுகிறதா என்று மட்டும் தெரிய அது போதும், ஆனால் வெப்ப வகை மீட்டரில் அப்படி நீண்ட நேரம் பிடித்து வைத்தால் சுருளுக்குத் தாங்க முடியாத மின்னோட்டம் பாயும். தடையை இடையில் வைப்பது பாதுகாப்பு, அதோடு முள் எங்கே நிற்கிறது என்ற அளவையும் தருகிறது. தொடர்பைச் சேர்ப்பதும் பிரிப்பதும் டேங்க்கிலிருந்து தொலைவில் நடப்பதால் தீப்பொறிக்கும் இடமில்லை.

மிச்சம் எர்த் பாதை. இதை ஓம் அளவில் தேடுவதைவிட வோல்ட் அளவில் தேடுவது நல்லது. சில ஓம்களை அளக்கும்போது மல்டிமீட்டரின் சொந்த வயர்களே குழப்பம் செய்யும். மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது இரு புள்ளிகளுக்கு இடையே எவ்வளவு வோல்ட் இழக்கப்படுகிறது என்று பார்த்தால் பதில் நேராக வரும். வயரை மீண்டும் யூனிட்டில் மாட்டி, நிறைந்த டேங்க்கோடு சாவியைப் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை யூனிட்டின் உலோக உடலிலும் மற்றதை நீண்ட வயரால் பேட்டரி நெகட்டிவிலும் வைத்தேன். சராசரி 1.1 வோல்ட் காட்டியது. இருக்க வேண்டியது சுழியத்தை ஒட்டிய அளவு. 95 மில்லிஆம்பியர் ஓடும் இடத்தில் 1.1 வோல்ட் இழப்பு என்றால் தடை 12 ஓமுக்கு மிக அருகில். கணக்கில் தேடிய ஆள் இவர்தான்.

பிறகு பாதையைத் துண்டு துண்டாக அளந்தேன். யூனிட்டின் உடலுக்கும் டேங்க்கின் தகட்டுக்கும் இடையே ஒரு வோல்ட்டின் நூறில் சில பங்குதான். டேங்க்குக்கும் பாடிக்கும் இடையே கிட்டத்தட்ட முழு இழப்பும் இருந்தது. டேங்க் ரப்பர் திண்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது; தாங்கும் பட்டைகளிலும் போல்ட்டுகளிலும் பழைய பெயின்ட். ஆரம்பத்தில் டேங்க்கின் விளிம்பிலிருந்து பாடிக்கு ஒரு சிறு எர்த் வயர் இருந்திருக்கிறது, இருக்கவும் செய்தது. ஆனால் அதன் வளைய முனையைக் கழற்றியபோது செம்புக் கம்பிகள் பச்சை பூத்து, வளையத்துக்குள் நுழையும் இடத்தில் இரண்டு மூன்று இழைகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. வளையத்துக்கும் பாடிக்கும் நடுவே துரு ஒரு வாஷர் கனத்துக்குப் படிந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் வயர் ஒழுங்காக மாட்டியிருப்பது போலத்தான் தெரியும்.

புது வயர் போட்டேன். இரு முனைகளிலும் பளபளக்கும்வரை பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி, பல் வைத்த வாஷரோடு வளைய முனையை இறுக்கி, இறுக்கிய பிறகே மேலே வாசலின் தடவினேன். முதலில் தடவிவிட்டு இறுக்குவோர் உண்டு. உலோகம் உலோகத்தைத் தொட்ட பிறகு ஈரம் புகாமல் மூடுவதே அதன் வேலை. இந்த வயர் மீட்டருக்காக மட்டும் இல்லை. பெட்ரோல் நிரப்பும்போது டேங்க்கில் சேரும் நிலைமின்னை வடிக்கவும் இதுவே வழி, ஆகவே மீட்டர் சரியாகக் காட்டும் வண்டியிலும் இதை ஒருமுறை பார்த்துவிடலாம். புது வயரோடு இழப்பு 0.02 வோல்ட்டாக இறங்கியது. சாவியைப் போட்டதும் முள் முக்காலைத் தாண்டி நிறைவுக் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே போய் நின்றது.

இதே எர்த் கோளாறு வேறு வகை வண்டிகளில் எதிர்த்திசையில் பொய் சொல்லும் என்பதையும் சொல்ல வேண்டும். காலியில் 0 ஓம், நிறைவில் 90 ஓம் என்று அமைந்த யூனிட்டுகள் ஏராளம். காலியில் 10, நிறைவில் 180 என்ற வகையும் உண்டு. அவற்றில் தடை கூடினால் முள் ஏறும். 0 முதல் 90 வரை உள்ள ஒன்றில் 12 ஓம் துரு சேர்ந்தால், டேங்க் வறண்டிருக்கும்போதும் முள் எட்டில் ஒரு பங்குக்கு மேல் காட்டிக்கொண்டிருக்கும். வயர் முழுதாக அறுந்துபோனால் என் வண்டியில் முள் காலியில் விழும். அந்த வண்டிகளிலோ நிறைவைத் தாண்டிப் போய் நிற்கும். காட்டுவதைவிட அதிகமாகப் பெட்ரோல் இருந்தால் தொல்லை இல்லை. காட்டுவதைவிடக் குறைவாக இருந்தால் நடுவழியில் நிற்க வேண்டியதுதான். ஆகவே யூனிட்டின் அளவு எது என்று தெரியாமல் அடுத்தவர் வண்டியின் அறிகுறியைத் தன் வண்டிக்குப் பொருத்திப் பார்ப்பது வேலைக்கு ஆகாது.

பொருந்தாத அளவுள்ள யூனிட்டை வாங்கிப் போட்டுவிட்டு, ஒரு தடையைச் சேர்த்துச் சமாளிக்கலாம் என்று சொல்வதும் உண்டு. காலியில் 73 ஓம், நிறைவில் 10 ஓம் எதிர்பார்க்கும் மீட்டருக்கு 240 முதல் 33 வரை உள்ள யூனிட்டை வைத்து, அதற்கு இணையாக 105 ஓம் தடையைச் சேர்த்தால், காலியில் மொத்தம் சரியாக 73 ஓம் வரும். அழகான தீர்வு போலத் தெரியும். நிறைவிலோ 33 ஓமும் 105 ஓமும் இணையாக 25 ஓம் ஆகின்றன, தேவையான பத்தின் பக்கத்தில்கூட வராது. ஒரு முனையைச் சரிசெய்தால் மறுமுனை கெடும். காலிப் பக்கம் சரியாக இருந்தால் போதும் என்பவர்களுக்கு அது போதலாம்.

இனி அரை டேங்க்கில் முள் சரியும் கோளாறு. எர்த் சரியான பிறகும் அது இருந்தது. இருக்கும் என்றே எதிர்பார்த்தேன், ஏனென்றால் ஓர் இடத்தில் மட்டும் வரும் பிழை தொடு பாதையின் தேய்மானத்தைத்தான் காட்டும். வண்டிகள் தங்கள் வாழ்நாளில் பெரும்பகுதியை நடு அளவுகளில்தான் கழிக்கின்றன. தொடுமுனையும் அங்கேதான் அதிகம் உரசுகிறது. திறப்பதற்கு முன் உறுதிப்படுத்திக்கொள்ள, அரை டேங்க்கில் யூனிட்டின் வயரைக் கழற்றிவிட்டு, முள் உள்ள பழைய மல்டிமீட்டரை அதன் முனைக்கும் உடலுக்கும் இடையே இணைத்து, வண்டியின் பின்பக்கத்தைக் கையால் ஆட்டினேன். முள் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முடிவிலியை நோக்கித் துள்ளியது. டிஜிட்டல் மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணைப் புதுப்பிக்கும் என்பதால் இந்தத் துள்ளலை அது பெரும்பாலும் விட்டுவிடும். பழைய முள் மீட்டருக்கு இன்னும் வேலை இருக்கும் இடங்களில் இது ஒன்று.

டேங்க்கைத் திறப்பதுதான் இந்த வேலையில் உண்மையான ஆபத்து. பெட்ரோல், தண்ணீரின் உறைநிலைக்கு 40 டிகிரி செல்சியஸ் கீழேயே பற்றக்கூடிய ஆவியைத் தரும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது; தரையோடு படர்ந்து பள்ளங்களில் தேங்கும். காற்றில் ஒன்றரை சதவீதத்தை ஒட்டிய அளவு கலந்திருந்தாலே பற்றிக்கொள்ளும். ஏறக்குறையக் காலியான டேங்க் நிறைந்த டேங்க்கைவிடப் பாதுகாப்பானது என்ற எண்ணம் தவறு. உள்ளே ஆவிக்கும் காற்றுக்கும் இடம் அதிகம். திறந்த வெளியில், ஆய்வுக்குழியின் மேல் நிறுத்தாமல், பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றி, தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்து வேலை செய்தேன். விளக்கு எல்.இ.டி. டார்ச் மட்டும், சூடாகும் பல்பு உள்ள தொங்கு விளக்கு ஒன்று கீழே விழுந்து உடைந்தாலே போதும். ஊசித் தெளிப்பு (ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்) உள்ள வண்டிகளில் டேங்க்குக்குள் மின் பம்பும் அதே யூனிட்டில் இருக்கும். அங்கே குழாயில் உள்ள அழுத்தத்தை முதலில் இறக்காமல் எதையும் கழற்றக் கூடாது. ரிசர்வ் விளக்குக்கு இரண்டாவது வயர் வரும் யூனிட்டுகளும் உண்டு, ஆகவே எந்த வயர் எந்த முனைக்கு என்று குறித்துவைப்பது நல்லது.

யூனிட்டைப் பிடித்திருக்கும் லாக் ரிங்கின் காதுகளைப் பித்தளைத் துண்டால் சிறுசிறு தட்டுகளாகத் தட்டிச் சுழற்றினேன். இரும்பு உளி பொறி பறக்க விடும். சுற்றியுள்ள மண்ணை முன்பே துடைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அத்தனையும் உள்ளே போகும். ரிங் விடுபட்டதும் யூனிட்டை நேராக இழுக்க முடியாது. கையும் மிதவையும் துளையைவிட நீளம். யூனிட்டைச் சாய்த்து, மிதவை எந்தப் பக்கம் இருக்கிறது என்று விரலால் தடவி உணர்ந்து, சாவித் துவாரத்திலிருந்து வளைந்த சாவியை எடுப்பதுபோலத் திருப்பித் திருப்பித்தான் வெளியே கொண்டுவர வேண்டும். இங்கே இழுத்தால் கை வளையும், புதுப் பிழை ஒன்று பிறக்கும்.

மிதவை பித்தளை. காதருகே ஆட்டினேன், உள்ளே நீர்மச் சத்தம் இல்லை. வெந்நீரில் அமுக்கிப் பிடித்தேன், குமிழி வரவில்லை. உள்ளே பெட்ரோல் புகுந்திருந்தால் அதை முழுவதும் வெளியேற்றி உலர்த்தாமல் ஈயம் பற்றவைக்க முயல்வது உயிரோடு விளையாடுவது. அதைவிடப் புது மிதவை மேல். பிற்காலத்து நுரை மிதவைகள் ஓட்டை இல்லாமலேயே பெட்ரோலை மெல்ல உறிஞ்சிக் கனத்துவிடும். அவற்றுக்கு மாற்றுவதைத் தவிர வழியில்லை.

தடை அட்டையின் மூடியைத் திறந்து உருப்பெருக்கியால் பார்த்தபோது கதை கண்முன் இருந்தது. தலைமுடியைவிடச் சற்றுக் கனமான கம்பி, நெருக்கமான சுற்றுகளாக. அவற்றின் விளிம்பில் தொடுமுனை ஓடிய இடம் ஒரு மங்கிய கோடு. இரு ஓரங்களிலும் கோடு மெல்லியது. நடுப்பகுதியில் அகன்று, சுற்றுகளின் முதுகு தட்டையாகத் தேய்ந்து, இடுக்குகளில் கறுப்பு மண்டியிருந்தது. சுற்று எதுவும் அறுபடவில்லை. அறுந்திருந்தால் அதற்கு அப்பால் உள்ள பகுதி மொத்தமும் செத்துவிடும், யூனிட்டை மாற்றத்தான் வேண்டும். உப்புத்தாளைக் கொண்டு தேய்ப்பது இங்கே பெருங்கேடு. மிச்சமிருக்கும் கம்பியையும் அது தின்றுவிடும். கான்டாக்ட் கிளீனரில் நனைத்த பஞ்சால் கறுப்பை எடுத்து, பென்சில் அழிப்பானால் மிக லேசாகத் துடைத்தேன். அதன் பிறகு தொடுமுனையின் மெல்லிய நாக்கை, மூக்கு இடுக்கியால் அரை மில்லிமீட்டர் அளவுக்குப் பக்கவாட்டில் நகர்த்தினேன். அது இப்போது தேயாத கம்பியின் மேல் புதிய கோட்டில் ஓடுகிறது. அழுத்தத்தைக் கூட்டவில்லை, கூட்டினால் தொடர்பு இன்றைக்கு நன்றாக இருக்கும், தேய்மானம் விரைவாகும், கை தயங்கித் தயங்கி நகரும்.

மேசையில் வைத்து முள் மீட்டரை இணைத்துக் கையை மெல்ல ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நகர்த்தியபோது, 240 முதல் 33 வரை முள் எங்கும் துள்ளாமல் போயிற்று. வேகம் சீராக இல்லை, அது பழுதல்ல. டேங்க்கின் வடிவத்துக்கு ஏற்ப அட்டை ஓரிடத்தில் அகலமாகவும் ஓரிடத்தில் குறுகலாகவும் வெட்டப்பட்டிருக்கிறது, பாதி உயரத்தில் பாதிப் பெட்ரோல் இருக்கும் டேங்க்குகள் அரிது.

பழைய ரப்பர் கேஸ்கெட் கல்லாகியிருந்தது. எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ரப்பரில் புதியதைப் போட்டு யூனிட்டைப் பொருத்தினேன். அளவுப் பட்டியலை மீண்டும் எழுதியபோது 40 லிட்டரில் முள் நிறைவுக் கோட்டில், 20 லிட்டரில் அரைக்கு ஒரு முள் அகலம் கீழே. ஆட்டினாலும் சரியவில்லை. 5 லிட்டரில் முன்பு போலவே காலிக் கோட்டில் நின்றது, அங்கே எர்த்தின் பங்கு அற்பம் என்று கணக்கு சொன்னதும் அதைத்தான். இந்த 5 லிட்டர் ஒளிந்திருப்பதற்குக் காரணம் கையின் கீழ் முட்டு. மிதவை அதற்குக் கீழே இறங்குவதில்லை. கையை வளைத்து அதையும் முள்ளுக்குள் கொண்டுவரலாம். நான் செய்யவில்லை. கீழே இடம் கொடுத்தால் மேலே நிறைவுக் கோடு நகரும், பழைய டேங்க்கின் அடியில் படிந்திருக்கும் துருவையும் தண்ணீரையும் கார்புரேட்டருக்கு அனுப்பும் அளவுக்கு வண்டியை வறள ஓட்டவும் மனம் வரும். வேலை முடிந்து கழுத்துவரை நிரப்பி, வெயிலில் ஒரு பகல் நிறுத்தி, டிக்கி மூடியைத் திறந்து கேஸ்கெட்டைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தேன். ஈரமும் இல்லை, வாடையும் இல்லை.